நாயின் நிலை

பர்கூர் அரசு மருத்துவமனை, ஊசி அறை.
ஞாயிற்றுக்கிழமைக் கடிகள் எல்லாம்
திங்கட்கிழமைதான் வந்து சேரும்.

இந்த மாதம் கொஞ்சம் கூடுதல்.
கிருஷ்ணகிரியில் அந்தப் படம் மூன்றாவது வாரம் ஓடுகிறது.
நாயே கதை சொல்லும் படம்.
நாவலாக இருந்தபோது
இந்த ஊரில் ஏழெட்டுப் பேர் வாசித்திருப்போம்.
இப்போது சீட்டு வாங்க நிற்கிறவர்களெல்லாம்
நாய்க்குள் போய்விட்டு வந்தவர்கள் மாதிரி பேசுகிறார்கள்.

ஒரப்பத்துப் பையன். ஐந்தாம் வகுப்பு.
வலது கன்னம், மேலுதடு.
"எப்படிடா மூஞ்சில?"
"குனிஞ்சு கேட்டேன் மிஸ்."
"என்னத்த?"
"மனசுக்குள்ள அது பேசறது கேக்குதான்னு."

சோப்புப் போட்டுக் குழாயடியில் கால் மணி நேரம்.
காயத்துக்குள்ளேயே இறக்க வேண்டிய மருந்து எங்களிடம் இல்லை,
கிருஷ்ணகிரிக்கு எழுதிக் கொடுத்தேன்.
அவன் அப்பா டிக்கெட் விலையில் தொடங்கி
எல்லாவற்றுக்கும் படத்தையே திட்டிக்கொண்டு போனார்.

அடுத்தது ஜபீன், ஜவுளிக்கடை, இடது கெண்டைக்கால்.
"புஸ்தகத்துல நாய் செத்துப் போவுது சிஸ்டர்,
படத்துல பொழைக்க வெச்சிட்டாங்க.
அப்ப நான் மூணு நாள் அழுதது?"
யாரிடமோ கொடுத்த கடனைக் கேட்பதுபோல் கேட்டாள்.

கிரானைட் பாலிஷ் போடும் திம்மராயனுக்குக் காது மந்தம்,
சொல்வதை வரிசை முழுக்கக் கேட்கும்படிதான் சொல்வார்:
"படத்துல அது வாய மூடவே இல்ல.
என்னைக் கடிச்சது ஒரு வார்த்தை சொல்லல!
அதுவும் மெட்ராஸ் பேச்சு.
எங்க வீட்டு நாய்க்கு 'இட்ரா'ன்னு கூப்பிட்டாத்தான் தெரியும்."
எல்லோரும் சிரித்தார்கள்.
நானும், ஊசி முனையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு.

தருமபுரியில் பயிற்சியின்போது
தண்ணீர் டம்ளரைக் கண்டு உடம்பு முறுக்கிக்கொண்ட ஒருவரைப்
பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.
அன்று அழவில்லை. வேலை இருந்தது.
போன வருஷம் இரவுப் பணியில்
இருநூற்றுப் பதினோராம் பக்கத்தில் அழுதேன்,
எங்கேயும் இல்லாத ஒரு நாய்க்காக.

கட்டிப்போட்டவனையும் அது குறை சொல்லாது.
விட்டுவிட்டு வீடு மாறிப் போனவர்களின்
செருப்பு வாசனையை நல்லபடியாகவே சொல்லும்.
நம்மை மன்னிக்க ஒரு வாய் வேண்டியிருந்தது,
வாலும் இருக்கிற வாயாகப் பார்த்து
எடுத்துக்கொண்டோம் போல.

அந்தப் புத்தகத்தை யாருக்கு இரவல் கொடுத்தாலும்
அட்டையைத் திறக்குமுன் ஒரே கேள்வி:
கடைசியில் நாய் செத்துவிடுமா?

என் பதிவேட்டிலும் கடைசிக் கட்டம் அதுதான்.
நாயின் நிலை.
பத்து நாள் பாருங்க, இருக்கா இல்லையான்னு
வந்து சொல்லுங்க என்று
ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.
முடிவு தெரியாமல் தூங்க மாட்டேன் என்றவர்கள்தான்,
யாரும் வந்து சொல்வதில்லை.
பக்கம் பக்கமாக அந்தக் கட்டம் வெள்ளையாகக் கிடக்கிறது.

இருபத்தெட்டாம் நாள்.
படம் மாற்றிவிட்டார்கள்.
கன்னத்தில் இளஞ்சிவப்புக் கோட்டோடு ஒரப்பத்துப் பையன்.
நான் கேட்குமுன்பே
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினான்.

ஒண்ணு. படுத்திருந்தது.
ரெண்டு. படுத்திருந்தது.
மூணு. மழை. லாரிக்கு அடியில்.
நாலு. தண்ணி குடிச்சது.
அஞ்சு. காணோம்.
ஆறு. வந்துடுச்சு, காலில் சேறு.
ஏழு எட்டு பரீட்சை, பாக்கல.
ஒன்பது. குட்டைக்கிட்ட வேற நாயோட.
பத்து. என்னப் பாத்துச்சு.
என்ன நெனச்சுதுன்னு தெரியல.

'உயிருடன்' என்று எழுதினேன்.
மற்றக் கையையும் நீட்டச் சொன்னேன்.